ஷீ மக்கள் யார்: இறங்கிப்போன தெய்வங்களா, இறந்துபோனவர்களா?

ஓலைச்சுவடி எழுதியது:

அயர்லாந்து நாட்டார் கதைகளில் வரும் ஷீ மக்களைப் பற்றி இங்கே ஓர் இழை இல்லாதது நெடுநாள் குறை. நானே தொடங்கிவிடுகிறேன்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: மண்மேடுகளுக்கு உள்ளேயும் பழைய வட்டக்கோட்டைகளிலும் ஏரிகளுக்கு அடியிலும் குடியிருப்பவர்கள் இவர்கள். ஆடு மாடு வளர்ப்பார்கள், சந்தைக்குப் போவார்கள், மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் ஆட்டத்தில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கல்யாணம், சாவு, பங்காளிச் சண்டை எல்லாம் உண்டு. கிராமத்தார் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘அந்த நல்லவர்கள்’, ‘பெரிய இடத்தார்’ என்று மரியாதையாகச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்கள் காதில் விழுந்தால் வம்பு.

இவர்கள் யார் என்பதற்கு மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது ஏட்டுப் பதில். 11-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘லெபோர் கபாலா’ என்ற நூல், அயர்லாந்துக்கு அலை அலையாக வந்து குடியேறியவர்களின் கதையைச் சொல்கிறது. தூஹா டே டானன் என்ற தெய்வக் குலம் ஆண்டுகொண்டிருந்தது. மிலேசியர் என்ற மனிதக் கூட்டம் வந்து அவர்களை வென்றது. நிலத்தின் மேற்பகுதி வென்றவர்களுக்கு, கீழ்ப்பகுதி தோற்றவர்களுக்கு என்று பாகம் பிரிந்தது. அந்தக் கணக்கில் ஷீ மக்கள் பதவி போன தெய்வங்கள். இரண்டாவது பாதிரியாரின் பதில்: சொர்க்கத்தில் லூசிஃபர் கலகம் செய்தபோது எந்தப் பக்கமும் சேராமல் நின்றவர்கள், நரகத்துக்கும் தகுதி போதாமல் பாதி வழியில் அயர்லாந்தில் விழுந்துவிட்டார்கள்.

மூன்றாவதை யாரும் நேராகச் சொல்வதில்லை. கதைகளைக் கேட்டுக்கொண்டே போனால் தானாகத் தெரிகிறது. இரவில் வழி தவறிய ஒருவன் மேட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே போகிறான். ஆட்டம் பாட்டம், பெரிய விருந்து. தட்டில் கை வைக்கப் போகும்போது ஒரு பெண் ஓரமாக வந்து, “எதையும் தின்னாதே, தின்றால் திரும்ப முடியாது” என்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் சென்ற வருடம் பிரசவத்தில் இறந்த பக்கத்து வீட்டுக்காரி. இந்தக் கதைக்கு அயர்லாந்து முழுவதும் வடிவங்கள் உண்டு.

எனக்கு மூன்றாவது பதில்தான் சரியாகப் படுகிறது. இவர்கள் இறந்தவர்கள், அதிலும் குறிப்பாக, சாகக் கூடாத வயதில் செத்தவர்கள். மறுப்பவர்கள் வரலாம்.

சந்தேகி எழுதியது:

சிறகு எங்கே, மந்திரக்கோல் எங்கே? பிள்ளைகளின் படப் புத்தகத்தில் பூவிதழ் மேல் உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள் வேறு துறையா?

ஓலைச்சுவடி எழுதியது:

வேறு துறைதான். சிறகு ஒட்டவைத்தது இங்கிலாந்துப் படக்காரர்கள். விக்டோரியா காலத்தில் அது பெரிய மோஸ்தர். அயர்லாந்துக் கிராமத்தில் ஷீ ஆள் உங்கள் எதிரே சந்தையில் நின்று கன்றுக்குட்டிக்கு விலை பேசினாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அங்கே பயமே அதுதான்.

கல்வெட்டு எழுதியது:

நான் முதல் பதிலின் கட்சி. ஓலைச்சுவடி ஏட்டை ஒரே பத்தியில் தள்ளிவிட்டுப் போனது நியாயமில்லை.

பெரிய மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள நியூகிரேஞ்ச் கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது. அது கல்லறைதான், ஆனால் பழைய கதைகளில் தெய்வத்தின் வீடு. தெய்வங்களின் தலைவன் டக்டா. அவனுடைய மகன் ஏங்கஸ் அப்பாவிடம் வந்து, “பகலும் இரவும் இங்கே தங்கிக்கொள்கிறேன்” என்று கேட்டான். டக்டா தலையாட்டினான். கெடு முடிந்து வெளியேறச் சொன்னபோது, “காலம் என்பதே பகலும் இரவும்தானே” என்று மகன் சட்டம் பேசி வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டான். 1967 டிசம்பர் 21 அன்று, அங்கே அகழாய்வு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஓ’கெல்லி விடியற்காலையில் உள்ளே காத்திருந்து பார்த்தார். வாசலுக்கு மேலுள்ள சிறு சாளரம் வழியாகச் சூரிய ஒளி கடைசி அறை வரை வந்து விழுந்தது. வருடத்தின் மிகக் குறுகிய பகல்கள் வரும் அந்தச் சில நாள்களில் மட்டுமே அப்படி வரும். பகலையும் இரவையும் வைத்து வழக்காடியவனின் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது.

கால்வே பக்கத்தில் நாக்மா குன்றில் ஃபின்வாரா என்ற ஷீ அரசன்; கனாக்ட் மாகாணம் முழுவதும் அவன் ஆட்சி. லிமெரிக்கில் நாக்கேனி குன்று ஆனியா என்ற பெண்ணுடையது. இவர்கள் எல்லாம் தனிப்பெயரும் எல்லையும் அரசும் உள்ளவர்கள். பக்கத்து வீட்டில் செத்தவர்கள் அல்லர்.

ஆனால் ஊருக்கு ஊர் இருக்கிற சிறு வட்டக்கோட்டைகளின் கதை வேறு. ஏறத்தாழ 45,000 அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. மண்கரையும் அகழியும் சூழ்ந்த வட்டம், நடுவில் புல். பெரும்பாலானவை கி.பி. 6 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை விவசாயிகள் குடியிருந்த வீட்டு வளாகங்கள். இரவில் மாட்டை உள்ளே அடைத்துக் காவல் காத்த இடம். பின்னால் வந்தவர்கள் அதை மறந்து, இது மனிதன் வேலையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். சொந்தப் பாட்டன் வீட்டைப் பார்த்துத்தான் இத்தனை நூற்றாண்டுகளாக நடுங்கியிருக்கிறார்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

கடைசி வரியை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். உங்கள் கட்சிக்கு எதிராகவே அது பயன்படும்.

தூரதேசி எழுதியது:

நான் கிளேர் மாவட்டத்தில் எனிஸ் நகரில் குடியிருக்கிறேன். தத்துவம் எனக்கு வராது. லட்டூன் முள்மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் லிமெரிக் போகும் வழியில் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

1999-இல் இந்த வழியாக நெடுஞ்சாலை போட ஏற்பாடு நடந்தது. போட்டிருந்த கோட்டின் மேலேயே ஒரு ஹாதார்ன் மரம் நின்றது. தனியாக வயல் நடுவில் நிற்கும் ஹாதார்னை இங்கே யாரும் வெட்டுவதில்லை, அது ஷீ மக்களுடையது என்று கணக்கு. கதைசொல்லியும் கதை சேகரிப்பவருமான எடி லெனிஹன் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். மன்ஸ்டர் மாகாணத்து ஷீ படை கனாக்ட் படையோடு சண்டைக்குப் போகும்போது கூடுகிற இடம் இது. மரத்தை அழித்தால் இந்தச் சாலையில் உயிர்கள் போகும் என்பது அவருடைய வாதம். அமெரிக்கப் பத்திரிகை வரை செய்தி போனது. மாவட்டப் பொறியாளர்கள் வரைபடத்தைத் திருத்தி மரத்தை விட்டுவைத்தார்கள். 2002-இல் யாரோ ஒருவர் இரவோடு இரவாக இயந்திர ரம்பத்தால் கிளைகளை எல்லாம் அறுத்துத் தள்ளிவிட்டுப் போனார். அடிமரம் மட்டும் மொட்டையாக நின்றது, மறுபடியும் துளிர்த்துவிட்டது.

பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பெரிய மரமில்லை, புதர் என்றுதான் சொல்ல வேண்டும். வேலிக்குள் நிற்கிறது, பக்கத்தில் லாரிகள் ஓடுகின்றன. மே மாதத்தில் வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவர என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர் அம்மா ஒருவர் இன்றும் விட மாட்டார். “நீங்கள் இதையெல்லாம் நம்புகிறீர்களா?” என்று ஒருமுறை கேட்டேன். “சேச்சே, நம்பவில்லை. ஆனால் எதற்கு வம்பு?” என்றார். இந்த ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் இதையேதான் சொல்வார்கள்.

2017-இல் கெரி மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே, N22 சாலை ஓரிடத்தில் மறுபடி மறுபடி உள்வாங்குவதற்கு அங்கே இருக்கும் ஷீ கோட்டைகள்தான் காரணம் என்று வெளிப்படையாகவே பேசினார். கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்துவிட்டு அந்தக் கோட்டையைத் தொடப் போனவர்கள் யாரும் இல்லை.

சந்தேகி எழுதியது:

அழகாக இருக்கிறது. மரம் பிழைத்தது, கோட்டை பிழைத்தது, தொல்லியல் துறைக்குச் செலவில்லாமல் காவல் கிடைத்தது. சரி. இதே நம்பிக்கை மனிதர்களை என்ன செய்தது என்பதையும் யாராவது எழுதுங்கள். பிரிஜிட் கிளியரி பெயர் இதுவரை வராதது ஆச்சரியம்.

நீலாம்பரி எழுதியது:

வராமல் போகாது. நான் எழுதுகிறேன்.

டிப்பரரி மாவட்டம், பாலிவாட்லி. 1895. பிரிஜிட்டுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. தையல்காரி, சொந்தமாகத் தையல் இயந்திரம், தொப்பி தைக்கும் கைத்தொழில், கோழி வளர்த்து முட்டை விற்ற வருமானம். புருஷன் மைக்கேல் பீப்பாய் செய்பவன். பிள்ளைகள் இல்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் உறவினர் ஜாக் டன் வீட்டுப் பக்கம் முட்டை கொடுக்கப் போனாள். திரும்பி வரும்போது குளிர் பிடித்துக் காய்ச்சலில் விழுந்தாள். அந்த ஜாக் டன் ஷீ கதைகளில் ஊறிய கிழவர். படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டு, “இது பிரிஜிட் இல்லை” என்று சொன்னவர் அவர்தான். உண்மையான ஆளை ஷீ மக்கள் தூக்கிப் போய், அதே உருவில் ஒரு போலியை விட்டுவிட்டார்கள் என்று பொருள்.

மருத்துவரும் வந்தார், பாதிரியாரும் வந்தார். அவர்கள் போன பிறகு மூலிகைக்காரரிடம் வாங்கிய பச்சிலையைப் பாலில் காய்ச்சி, உறவுக்காரர்கள் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, அவள் வாயில் ஊற்றினார்கள். “கடவுள் பெயரால் சொல், நீ மைக்கேல் கிளியரியின் மனைவி பிரிஜிட்தானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள், பெற்ற அப்பா உட்பட. அடுத்த நாள், மார்ச் 15 இரவு, உடுத்திக்கொண்டு எழுந்து அடுப்பருகே வந்து உட்கார்ந்திருந்தவளிடம் மைக்கேல் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டான். ரொட்டியும் ஜாமும் கொடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதில் வாங்கினான். ஒரு பதில் தாமதமாக வந்தது. கீழே தள்ளி, விளக்கில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றி எரித்துவிட்டான்.

பிறகு கைலெனகிரானா கோட்டையில் கறுப்புப் பிடி போட்ட கத்தியோடு இரவுகளில் காத்திருந்தான். உண்மையான பிரிஜிட் வெள்ளைக் குதிரையில் வருவாள், கட்டிய கயிற்றை அறுத்து மீட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டான். மார்ச் 22 அன்று ஆழமில்லாத குழியில் உடலைப் போலீஸார் கண்டெடுத்தார்கள். கொலைக் குற்றமில்லை, மரணம் விளைவித்த குற்றம் என்று தீர்ப்பு; 20 ஆண்டுக் கடுங்காவல். பதினைந்து ஆண்டுகள் கழித்து வெளியே வந்தவன் லிவர்பூல் வழியாகக் கனடா போய்விட்டான். அயர்லாந்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பாட்டு மிஞ்சியது: நீ சூனியக்காரியா, ஷீ பெண்ணா, இல்லை மைக்கேல் கிளியரி பெண்டாட்டியா?

இதை நம்பிக்கையின் கணக்கில் மட்டும் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொந்தமாகச் சம்பாதிக்கிற, நன்றாக உடுத்துகிற, எதிர்த்துப் பேசுகிற, பிள்ளை பெறாத ஒரு பெண். அவள் மேல் ஊருக்கும் வீட்டுக்கும் இருந்த எரிச்சலுக்கு ஷீ கதை ஒரு பெயர் கொடுத்தது. கதை இல்லாவிட்டால் வேறு காரணம் கிடைத்திருக்கும்.

ஓலைச்சுவடி எழுதியது:

முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டில் இருந்த எல்லாரும் கதையைக் கடைசி வரை நம்பியிருந்தால் ஒரு துண்டு ரொட்டிக்கு அவள் சொன்ன பதிலோடேயே சோதனை முடிந்திருக்கும். பழைய கதைகளிலேயே மாற்றுப் பிள்ளையை, அதாவது ஷீ மக்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொட்டிலில் விட்டுப்போன போலியை, சோதிக்கும் வழி பெரும்பாலும் தந்திரம்தான். தாய் முட்டை ஓட்டில் சாராயம் காய்ச்சுவாள். தொட்டிலில் கிடக்கும் ‘குழந்தை’, “என் ஆயுசில் இப்படிப் பார்த்ததில்லை” என்று கிழவன் குரலில் வாய்விட்டு மாட்டிக்கொள்ளும். சிரிப்புக் கதை. அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் யாரையும் எரிக்கவில்லை.

ஆயினும் நெருப்பு, இரும்பு, விஷச்செடி என்று கடுமையான வைத்தியங்களும் அதே மரபில் இருந்தன. நடக்காத, பேசாத பிள்ளைகள்தான் அவற்றுக்கு ஆளானார்கள். 1826-இல் கெரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு சிறுவனை ஆற்றில் முக்கி எடுத்தபோது இறந்துபோனான். முக்கிய பெண் நீதிமன்றத்தில் விடுதலையானாள்.

கல்வெட்டு எழுதியது:

கிளியரி வழக்கு நடந்த வருடத்தையும் பார்க்க வேண்டும். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்கலாமா கூடாதா என்று லண்டனில் அடிதடியாக இருந்த காலம். பெண்ணை எரிக்கிற கூட்டத்துக்குத் தன்னாட்சியா என்று எழுத எதிர்ப்புப் பத்திரிகைகளுக்கு நல்ல வாய்ப்பு. ஒரு குடும்பத்தின் குற்றம் ஒரு தேசத்தின் தகுதிச் சான்றிதழாகிவிட்டது.

வடகரையான் எழுதியது:

எங்கள் ஊர் முனி கூட இப்படித்தான், அவர் போகிற வழியில் வீடு கட்டினால்

நெறியாளர் எழுதியது:

வடகரையான் அவர்களே, முனிக்குத் தனி இழை இருக்கிறது, மீதியை அங்கே எழுதுங்கள். இங்கே அயர்லாந்து மட்டும். போன மாதம், சாவுக்கு முன் அழும் ஷீ பெண்ணான பான்ஷீயைப் பற்றிய இழை எப்படி ஒப்பாரி இழையாக மாறிச் சண்டையில் முடிந்தது என்பதை எல்லாரும் பார்த்தோம்.

முல்லைக்கொடி எழுதியது:

ஓலைச்சுவடியின் கட்சிக்கு வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளை அந்தக் காலத்தில் கத்தோலிக்கக் கல்லறையில் புதைக்க இடம் தரமாட்டார்கள். செத்துப் பிறந்தது, பிறந்த அன்றே போனது எல்லாம் இதில் அடக்கம். அவற்றை அப்பாவோ மாமாவோ இருட்டிய பிறகு துணியில் சுற்றி எடுத்துப் போய் ஊர் எல்லையில் புதைப்பார்கள். அயர்லாந்தில் அந்த இடங்களுக்குக் கில்லீன் என்று பெயர். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, 20-ஆம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்தன. பெயர் எழுதாத சிறு கற்கள், அவ்வளவுதான். அவற்றில் பல, கல்வெட்டு சொன்ன அதே வட்டக்கோட்டைகளுக்குள் இருக்கின்றன.

இப்போது யோசியுங்கள். ஊரில் எந்தத் தாயும் அந்தக் கோட்டைப் பக்கம் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். இரவில் அங்கே குழந்தை அழும் சத்தம் கேட்கிறது என்பார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சொர்க்கம் இல்லை என்று கோவிலில் சொல்லிவிட்டார்கள். கோட்டைக்குள் விளக்கு எரிகிறது, பாட்டு நடக்கிறது, பால் கொடுக்க ஆள் இருக்கிறது என்று சொன்னது ஷீ கதை. பிரசவத்தில் இறந்த பெண்களை ஷீ மக்கள் எதற்காகக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலான கதைகள் ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றன: உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்குப் பாலூட்ட.

அம்மா, பிள்ளை இருவரையும் இழந்த வீட்டுக்கு இந்தக் கதை என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மேற்குக் கரையில் கனமாரா பக்கம் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கப் புகைப்படங்களில் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் பாவாடை கட்டி நிற்பார்கள். ஷீ மக்கள் ஆண்பிள்ளைகளைத்தான் குறிவைப்பார்கள் என்பதால் பெண்வேஷம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். தொட்டிலுக்குக் குறுக்கே இரும்பு இடுக்கியை வைத்தார்கள். பிள்ளை தங்காத ஊர்களின் பழக்கங்கள் இவை.

சந்தேகி எழுதியது:

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. பாவாடைக்கு மட்டும் உண்டு: பிள்ளைகளுக்குத் துணி மாற்ற அதுதான் சுலபம், விலையும் குறைவு. காரணம் பிறகு வந்திருக்கும்.

பாணன் எழுதியது:

ஒரே சாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாக்கிராஃப்டன் கதையைச் சொல்லாமல் இந்த இழையை மூடக் கூடாது. 1825-இல் குரோஃப்டன் குரோக்கர் அச்சிட்டது. அதற்கு முன்பே வாய்வழியில் இருந்தது.

டிப்பரரியில் கூனன் ஒருவன். வைக்கோலும் கோரையும் பின்னிப் பிழைப்பவன். தொப்பியில் எப்போதும் ஒரு கொத்து ஃபாக்ஸ்குளோவ் செருகியிருப்பான். அந்தப் பூவின் ஐரிஷ் பெயரே அவனுக்குப் பட்டப்பெயர், லஸ்மோர். ஓர் இரவு களைத்துப்போய் மேட்டருகே உட்கார்ந்தான். உள்ளேயிருந்து பாட்டு: “திங்கள், செவ்வாய், திங்கள், செவ்வாய், திங்கள், செவ்வாய்.” மூன்று முறை சொல்லி ஒரு நிறுத்தம், பிறகு அதே. குரல் தேனாக இருந்தாலும் எவ்வளவு நேரம் இரண்டு கிழமையையே கேட்பது? அடுத்த நிறுத்தம் வரும்வரை பொறுத்திருந்து, அவர்கள் சுருதியிலேயே சேர்ந்து, கூட ஒரு கிழமையை ஒட்டிப் பாடினான். உள்ளே ஒரே கொண்டாட்டம். அவனைச் சூறைக்காற்றாகச் சுழற்றி உள்ளே எடுத்துப் போய், பாடகர்களுக்கு மேலே உட்காரவைத்து, கூனை எடுத்துவிட்டார்கள். காலையில் எழுந்தபோது நிமிர்ந்த முதுகும் புதுச் சட்டையும்.

செய்தி கேட்டு இன்னொரு கூனன் வந்தான். பெயர் ஜாக் மேடன், சிடுமூஞ்சி. பாட்டு தொடங்கியதும் நிறுத்தத்துக்குக் காத்திருக்கவில்லை, சுருதி பார்க்கவில்லை. ஒரு கிழமைக்கு ஒரு கூன் போகுமென்றால் இரண்டு கிழமைக்கு இரண்டு சட்டை கிடைக்குமே என்று நடுவில் புகுந்து கத்தினான். லஸ்மோரின் கூனை இருபது பேராகத் தூக்கி வந்து அவன் முதுகில் இருந்ததன் மேலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அவன் பேராசைக்காக மட்டும் கிடைத்த தண்டனை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. பாட்டுக்காரனாக எனக்கு அப்படித் தெரியவில்லை. நிறுத்தத்தில் புகத் தெரியாதவனோடு சேர்ந்து வாசித்தவர்களுக்கு ஷீ மக்களின் கோபம் புரியும். பல மெட்டுகளை மேட்டருகே கேட்டுக் கற்றதாகச் சொன்ன அயர்லாந்துக் குழல்காரர்களும் வயலின்காரர்களும் நிறையப் பேர்.

கல்வெட்டு எழுதியது:

முல்லைக்கொடியின் சாட்சி வலுவானது. ஆனால் அது கோட்டைகளை மட்டுமே விளக்குகிறது. கடலுக்கு அப்பால் இருக்கிற உலகத்தை என்ன செய்வீர்கள்?

8-ஆம் நூற்றாண்டு அளவில் எழுந்த கதைகளில் ஒன்று கொன்லாவுடையது. அரசன் கோனின் மகன். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பெண் வந்து, சாவும் மூப்பும் இல்லாத நாட்டுக்குக் கூப்பிடுகிறாள். அரசனின் மந்திரவாதி அவள் குரலை மந்திரத்தால் அடக்குகிறான். போகும்போது அவள் ஓர் ஆப்பிளை வீசிவிட்டுப் போகிறாள். ஒரு மாதம் முழுக்கக் கொன்லா அதைத் தவிர எதையும் தின்னவில்லை. தின்னத் தின்னப் பழம் குறையவில்லை. அவள் இரண்டாம் முறை வந்தபோது கண்ணாடிப் படகில் ஏறிப் போய்விட்டான். உயிரோடு போனான், கவனியுங்கள். ஒஷீன் என்ற வீரனும் அப்படியே நீவ் என்ற பெண்ணோடு குதிரையில் கடல் மேல் போனான். திரும்பி வந்து சேணத்திலிருந்து விழுந்து மண்ணைத் தொட்டதும் முன்னூறு வருட மூப்பும் ஒரே நொடியில் மேலே ஏறியது. அவன் போன இடம் இறந்தவர்கள் உலகம் என்றால், மண்ணைத் தொட்ட பிறகுதானா மூப்பு வரவேண்டும்?

இடையில் நம் பக்கம் தொடர்புள்ள ஒரு செய்தி. நெறியாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொன்லா கதையை 1902-இல் டப்ளினில் நாடகமாக்கியவர் ஜேம்ஸ் கஸின்ஸ். 1915-இல் அன்னி பெசன்ட் அழைத்து அடையாறுக்கு வந்தவர் இவர். நம் தேசிய கீதத்தின் மெட்டை இசைக்குறிப்பாக எழுதிவைத்த மார்கரெட் கஸின்ஸ் இவருடைய மனைவி.

நெறியாளர் எழுதியது:

பொறுத்துக்கொண்டேன்.

ஓலைச்சுவடி எழுதியது:

கல்வெட்டு கேட்ட கேள்விக்கு அவர் ஏட்டிலிருந்தே பதில் சொல்கிறேன்.

ராஸ்காமனில் ராத்குரோகன் என்ற பழைய அரச இடத்தில் ஒரு குகை இருக்கிறது, ஓவனகாட். நேரா என்பவனின் கதை அங்கே நடக்கிறது. சௌவின் இரவு, அதாவது அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும் இரவு. தூக்கில் தொங்குகிற பிணத்தின் காலில் வளையம் மாட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்று அரசன் சொல்கிறான். நேரா போகிறான். பிணம் தாகமாக இருக்கிறது என்கிறது. முதுகில் சுமந்து வீடு வீடாகத் தண்ணீர் தேடுகிறான். அதற்குப் பிறகுதான் ஷீ படையின் பின்னால் குகைக்குள் நுழைகிறான். இறந்தவனோடு தொடங்கிய நடை ஷீ உலகத்தில் முடிகிறது, ஒரே இரவில். உள்ளே மனைவி கிடைக்கிறாள், பிழைப்பு கிடைக்கிறது. ஷீ படை ஊரை அழிக்க வரும் என்று அவள் சொல்ல, ஊரை எச்சரிக்க அவன் வெளியே வந்தபோது, அவன் கிளம்பிய அதே அடுப்பைச் சுற்றி அதே ஆள்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பானை இன்னும் இறங்கவில்லை. நம்பவைக்க, குளிர்காலத்தின் வாசலில் கோடைக்காலப் பூக்களைக் கொண்டுவருகிறான். ஒஷீனுக்கு முன்னூறு வருடம் ஓடியது, நேராவுக்குக் கொஞ்ச நேரம்கூட ஓடவில்லை. காலம் சேராத இடம் என்பது மட்டும் பொது.

அடுத்தது டோன். மிலேசியர்களில் ஒருவன், அதாவது வென்றவர்களின் கட்சி, மனிதன். கரை சேருமுன் செத்துப்போகிறான். பேரா முனைக்கு அப்பால் கடலில் நிற்கும் பாறை அவனுடைய வீடு. செத்த பிறகு எல்லாரும் என் வீட்டுக்கு வருவீர்கள் என்பது அவன் வாக்கு. அதே டோன் பிற்கால நாட்டார் வழக்கில் லிமெரிக் நாக்ஃபியர்னா குன்றில் ஷீ அரசனாக உட்கார்ந்திருக்கிறான். இறந்தவர்களின் தலைவனும் ஷீ அரசனும் ஒரே ஆள். சொந்தப் பாட்டன் வீட்டைப் பார்த்து நடுங்கினார்கள் என்று கல்வெட்டு எழுதியதை இந்த இடத்தில் மறுபடி படியுங்கள்.

கல்வெட்டு எழுதியது:

ஒரு டோனை வைத்து ஃபின்வாராவையும் ஆனியாவையும் ஏங்கஸையும் சுடுகாட்டுக்கு அனுப்ப முடியாது. மேடு ஒன்று, குடித்தனம் பல என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இறங்கி வரமாட்டேன்.

தூரதேசி எழுதியது:

நம் சண்டையைப் போலவே ஷீ மக்களுக்கும் தாங்கள் யார் என்பதில் குழப்பம் உண்டு போலிருக்கிறது. இங்கே பல ஊர்களில் சொல்லும் கதை: ஷீ ஆள் ஒருவன் வழிப்போக்கனை நிறுத்தி, “கடைசி நாளில் எங்களுக்கு மீட்பு உண்டா என்று பாதிரியாரிடம் கேட்டு வா” என்று அனுப்புகிறான். பாதிரியார் சொல்கிறார்: “அவர்கள் உடம்பில் பேனா முனை நனைய ஒரு சொட்டு ரத்தம் இருந்தால் உண்டு.” பதிலைக் கேட்டதும் மேட்டுக்குள்ளிருந்து பெரிய ஓலம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அவர்கள் ஹர்லிங் ஆட்டத்துக்கு உயிருள்ள மனிதன் ஒருவன் வேண்டும்; அவன் இல்லாமல் எந்தப் பக்கமும் ஜெயிக்க முடியாது. அதற்காகவே நல்ல ஆட்டக்காரர்களை இரவில் தூக்கிப் போவார்கள்.

நீலாம்பரி எழுதியது:

இந்தக் கதைகள் மூலமாகவே படிக்கக் கிடைக்குமா? நியூகிரேஞ்ச், ஓவனகாட் இரண்டையும் பார்க்கவும் ஆசை.

முல்லைக்கொடி எழுதியது:

கிடைக்கும். 1937 முதல் 1939 வரை நாட்டார் வழக்காற்று ஆணையம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 50,000 பேரைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. அந்த நோட்டுப் புத்தகங்கள் டூகஸ் இணையதளத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன, கட்டணம் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் கையெழுத்து, ஆசிரியரின் திருத்தம், மைக்கறை எல்லாம் தெரியும். உங்கள் ஊர் நண்பர்களின் பாட்டி ஊரைத் தட்டச்சு செய்து தேடலாம்.

தூரதேசி எழுதியது:

நியூகிரேஞ்சுக்கு டிசம்பர் விடியலில் உள்ளே போக வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஆயிரக்கணக்கானோர் எழுதிப்போடுகிறார்கள், உள்ளே இடம் சில டஜன் பேருக்குத்தான். மேகம் மூடினால் அதுவும் வீண். மற்ற நாள்களில் முன்பதிவு செய்து போகலாம். உள்ளே மின்விளக்கால் அந்த வெளிச்சத்தைக் காட்டுவார்கள்.

ஓவனகாட்டுக்கு டல்ஸ்க் ஊரில் உள்ள பார்வையாளர் மையத்தில் சொன்னால் வழிகாட்டி அழைத்துப் போவார். வாசல் தவழ்ந்து போகிற அளவுதான். நுழையும்போது தலைக்கு மேலே உள்ள கல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் கோட்டெழுத்தில் ‘மேவின் மகன் ஃபிராய்ஹ்’ என்று வெட்டியிருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சேறு. பழைய உடுப்பில் போங்கள், நல்ல செருப்பைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.